ஆறு சென்டிமீட்டர் நெம்புகோல்

65 கிலோ எடையுள்ள ஒருவர் தரையில் விழுந்த சாவியை எடுக்க முட்டியை மடக்காமல் குனிகிறார். சாவியின் எடை கணக்கிலேயே சேராது. ஆனாலும் அந்த நொடியில் அவருடைய முதுகெலும்பின் அடிமூட்டு ஏறக்குறைய 165 கிலோ எடைக்குச் சமமான அழுத்தத்தைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. அவருடைய மொத்த எடையைப் போல இரண்டரை மடங்கு.

பள்ளிக்கூட இயற்பியல் தெரிந்தால் போதும், இந்தக் கணக்கைப் போட்டுவிடலாம். தலை, கைகள், உடம்பின் மேற்பகுதி எல்லாம் சேர்ந்து உடல் எடையில் சுமார் 60 சதவீதம். 65 கிலோ ஆளுக்குக் கிட்டத்தட்ட 40 கிலோ. முதுகு தரைக்கு இணையாக வரும்வரை குனிந்தால், இந்த 40 கிலோவின் மையம் முதுகெலும்பின் அடிமூட்டிலிருந்து சுமார் 25 செ.மீ. முன்னால் போய் நிற்கிறது. உடம்பு குப்புற விழாமல் பின்னாலிருந்து இழுத்துப் பிடிப்பவை முதுகெலும்பின் இரு பக்கமும் மேலும் கீழுமாக ஓடும் நீண்ட தசைகள். அவை மூட்டின் மையத்துக்குப் பின்னால் வெறும் 6 செ.மீ. தள்ளித்தான் இருக்கின்றன. முன்பக்கம் 25, பின்பக்கம் 6. சமநிலை வேண்டுமானால் தசை 40 கிலோவைப் போல நான்கு மடங்குக்கு மேல் இழுத்தாக வேண்டும். அந்த இழுவை முழுவதும் மூட்டின் மேல் அழுத்தமாக இறங்குகிறது.

இப்போது சாவிக்குப் பதில் 20 லிட்டர் தண்ணீர் கேன். கேன் மூட்டிலிருந்து 40 செ.மீ. முன்னால் இருந்தால், மூட்டின் மீதான அழுத்தம் 300 கிலோவாகிறது. கைக்கு வந்த எடை 20 கிலோ. முதுகுக்குக் கூடிய எடை 130 கிலோவுக்கு மேல். அதே இடத்தில் 50 கிலோ சிமெண்ட் மூட்டை என்றால் 500 கிலோ. ஆனால் அந்தத் தண்ணீர் கேனையே நிமிர்ந்து நின்று வயிற்றோடு அணைத்துப் பிடியுங்கள். அழுத்தம் 130 கிலோவை ஒட்டித்தான் நிற்கும். கேன் மாறவில்லை, ஆள் மாறவில்லை. தூரம்தான் மாறியிருக்கிறது.

இந்த அத்தியாயம் முழுக்க அந்தத் தூரத்தைப் பற்றியதுதான். ‘எவ்வளவு எடை தூக்கினாய்?’ என்பதுதான் முதுகுவலிக்காரரிடம் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. ‘எங்கிருந்து எடுத்தாய், உடம்பிலிருந்து எவ்வளவு தள்ளிப் பிடித்தாய்?’ என்று கேட்பவர்கள் குறைவு.

உடம்பின் நெம்புகோல்கள் இப்படி நமக்குப் பாதகமாக அமைந்திருப்பதை முதலில் தெளிவாக எழுதியவர் 17ஆம் நூற்றாண்டு இத்தாலியக் கணித அறிஞர் ஜியோவன்னி அல்போன்சோ பொரெல்லி. உயிரினங்களின் அசைவைப் பற்றிய அவருடைய நூல், 1679 இறுதியில் அவர் காலமான பிறகுதான் அச்சேறியது. தூக்கும் எடையை விடப் பல மடங்கு விசையைத் தசை கொடுத்தாக வேண்டும் என்று சுமைதூக்கும் கூலியாளை வைத்தே அவர் கணக்கிட்டுக் காட்டினார். தசை மூட்டை ஒட்டி இருப்பதால் கை கால்கள் வேகமாகவும் விரிவாகவும் அசைய முடிகிறது. அதற்கு உடம்பு கொடுக்கும் விலை இந்த அழுத்தம்.

அழுத்தத்தைத் தாங்கும் பொருளை நெருங்கிப் பார்ப்போம். முள்ளெலும்புகளுக்கு நடுவே 23 டிஸ்க்குகள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் மையத்திலும் நீர் நிறைந்த கூழ். அதைச் சுற்றி நார்களால் ஆன 15 முதல் 25 அடுக்குகள். ஓர் அடுக்கின் நார்கள் இடப்பக்கம் சாய்ந்து ஓடினால் அடுத்த அடுக்கின் நார்கள் வலப்பக்கம் சாய்ந்து ஓடும். மேலிருந்து எடை இறங்கும்போது கூழ் எல்லாத் திசையிலும் தள்ளுகிறது. நார் வளையம் விறைத்து அதைத் தடுத்து நிறுத்துகிறது. மேலும் கீழும் முள்ளெலும்பை ஒட்டி ஒரு மெல்லிய தகடு. வளர்ந்தவர்களின் டிஸ்க்கில் வெளி ஓரத்தைத் தவிர இரத்தக் குழாய் கிடையாது. உள்ளே இருக்கும் செல்களுக்குச் சத்து பெரும்பாலும் இந்தத் தகட்டின் வழியாகக் கசிந்து வந்தால்தான் உண்டு.

பகல் முழுக்க நிற்பதாலும் உட்காருவதாலும் டிஸ்க்கிலிருந்து நீர் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறுகிறது. இரவில் படுத்ததும் திரும்ப ஊறுகிறது. மாலையில் நம் உயரம் காலையை விடச் சுமார் ஒரு சதவீதம் குறைந்திருப்பது இதனால்தான். அதில் பாதி, எழுந்த முதல் ஒரு மணி நேரத்திலேயே குறைந்துவிடும். எடையே இல்லாத விண்வெளியில் வீரர்களின் உயரம் 5 செ.மீ. வரை கூடுவதும் உண்டு.

உயிருள்ள மனிதரின் டிஸ்க்குக்குள் என்ன அழுத்தம் இருக்கிறது என்று அளக்கத் துணிந்தவர், 1960களில் ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரில் இருந்த எலும்பு மருத்துவர் ஆல்ஃப் நாக்கெம்சன். அழுத்தமானி பொருத்திய ஊசியைத் தன்னார்வலர்களின் இடுப்பு டிஸ்க்குக்குள் செலுத்தி, நிற்கச் சொன்னார், உட்காரச் சொன்னார், குனியச் சொன்னார். நிற்கும்போது 100 என்றால் மல்லாந்து படுக்கும்போது 25, உட்காரும்போது 140, உட்கார்ந்தபடி முன்னால் குனிந்தால் 185. உலகம் முழுவதும் பிசியோதெரபி அறைகளின் சுவர்களில் தொங்கிய படம் அவருடைய இந்த எண்களிலிருந்து பிறந்தது.

30 ஆண்டுகளுக்குப் பிறகு ஜெர்மனியின் உல்ம் பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ்-யோவாகிம் வில்கவும் சக ஆய்வாளர்களும் அதே வேலையைப் புதிய கருவியோடு செய்தார்கள். 1999இல் வெளியான அந்த ஆய்வில் பங்கேற்றவர் ஒரே ஒருவர்: 45 வயது, 70 கிலோ எடை, அவரும் எலும்பு மருத்துவரே. இடுப்பின் நான்காவது முள்ளெலும்புக்கும் ஐந்தாவதற்கும் இடையிலுள்ள டிஸ்க்கில் சன்னமான அழுத்தமானியைப் பொருத்திக்கொண்டு அவர் ஒரு முழு நாள் வாழ்ந்தார். நடந்தார், படியேறினார், சிரித்தார், தும்மினார், தூங்கினார். தன் உடம்பையே ஆய்வுக்கூடமாக ஒப்படைத்த அந்த மருத்துவருக்கு நாம் நிறையக் கடன்பட்டிருக்கிறோம்.

நிற்கும்போது அவருடைய டிஸ்க்கில் அழுத்தம் 0.5 மெகாபாஸ்கல். படுத்தபோது 0.1. ஏழு மணி நேரத் தூக்கத்தில் அது மெல்ல ஏறி 0.24ஐத் தொட்டது, டிஸ்க் நீரை உறிஞ்சிப் பருப்பதைக் கருவி கண்ணெதிரே காட்டிக்கொடுத்தது. 20 கிலோ சுமையை முதுகை வளைத்து, முட்டி மடக்காமல் தூக்கியபோது 2.3 மெகாபாஸ்கல். கார் டயரில் நாம் அடிக்கும் காற்றழுத்தத்தைப் போல இது பத்து மடங்கு. முட்டியை மடக்கித் தூக்கியபோது 1.7. அதே 20 கிலோவை நிமிர்ந்து நின்று உடம்போடு ஒட்டிப் பிடித்தபோது 1.1. காகிதத்தில் போட்ட நெம்புகோல் கணக்கு சொல்லும் வரிசையையே உயிருள்ள டிஸ்க்கும் சொன்னது. ஒரு விஷயத்தில் மட்டும் நாக்கெம்சனோடு முரண்பட்டது: சாவகாசமாகச் சாய்ந்து உட்காரும்போது அழுத்தம் நிற்பதை விடக் குறைவாகவே இருந்தது. ஒரே ஆளிடம் எடுத்த அளவை எல்லோருக்கும் அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் உட்காருவதே முதுகுக்கு எமன் என்ற பேச்சை நான் அதன் பிறகு நம்புவதில்லை. ஒரே நிலையில் நெடுநேரம் இருப்பதுதான் சிக்கல்.

‘முதுகை நேராக வை, முட்டியை மடக்கு’ என்று தொழிற்சாலைச் சுவர்களில் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இது பாதி உண்மை. முட்டிகளுக்கு நடுவே நுழையக்கூடிய சிறிய பெட்டியாக இருந்தால் குந்தித் தூக்குவது லாபம். சுமை உடம்போடு ஒட்டி வரும். அகலமான சாக்கு மூட்டை முட்டிகளுக்கு நடுவே நுழையாது. குந்தினால் முட்டிகளே மூட்டையை முன்னால் தள்ளிவிடும், தூரம் கூடும், அழுத்தமும் கூடும். 1999இல் நெதர்லாந்தின் யாப் வான் டியனும் சக ஆய்வாளர்களும் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, குனிந்து தூக்குவதை விடக் குந்தித் தூக்குவது எப்போதும் மேல் என்று சொல்லப் போதிய சான்று இல்லை என்றே எழுதினார்கள். தவிர, நாள் முழுக்கக் குந்தி எழுந்தால் தொடைகள் சோர்ந்துபோகும். அனுபவமுள்ள சுமைதூக்கும் தொழிலாளி பாதி குனிந்து பாதி மடங்கி, மூட்டையின் காதைப் பிடித்து முதலில் தன் பக்கம் சரித்துக்கொள்வார். அந்த ஒரு சரிப்பில் 10, 15 செ.மீ. குறைந்துவிடுகிறது.

அளவுக்கு மீறினால் எது முதலில் உடைகிறது? நேராக மேலிருந்து அழுத்தினால் டிஸ்க் அல்ல, அதை ஒட்டிய மெல்லிய தகடுதான் முதலில் விரிசல் விடுகிறது. இறந்தவர்களின் முதுகெலும்புத் துண்டுகளை வைத்து நடந்த பல சோதனைகளில் இது உறுதியானது. டிஸ்க்கின் கூழ் பின்பக்கம் பிதுங்கி நரம்பை அழுத்துவதுதான் காலில் இறங்கும் வலிக்குக் காரணம் என்று 1934இல் பாஸ்டன் நகர மருத்துவர்கள் மிக்ஸ்டரும் பாரும் காட்டினார்கள். அது நேர் அழுத்தத்தால் மட்டும் வருவதில்லை. வளைவும் சேர வேண்டும். 1982இல் இங்கிலாந்தின் மைக்கேல் ஆடம்ஸும் ஹட்டனும் முதுகெலும்புத் துண்டுகளை அளவுக்கு மீறி முன்னால் வளைத்து அழுத்தியபோது சில டிஸ்க்குகள் ஒரே அழுத்தில் பிதுங்கின. 2001இல் கனடாவின் கேலகனும் மெக்கிலும் பன்றியின் கழுத்தெலும்புகளை மிதமான எடையில் ஆயிரக்கணக்கான தடவை வளைத்து நிமிர்த்தினார்கள். பாரம் பெரிதாக இல்லாமலேயே நார் அடுக்குகள் ஒவ்வொன்றாகப் பிளந்து கூழ் வழி கண்டுபிடித்துக்கொண்டது. ‘நேற்று ஒரு குடம் தண்ணீர்தான் தூக்கினேன், பிடித்துக்கொண்டது’ என்று சொல்பவரின் முதுகில் அந்தக் குடத்துக்கு முன்னால் பல ஆண்டு வளைவுகள் இருந்திருக்கலாம்.

எடையே இல்லாத வேலைக்கும் இதில் இடமுண்டு. நடவு வயலைப் பாருங்கள். சேற்றில் கால் புதைய, இடுப்பிலிருந்து முழுதாக மடங்கி, பின்னோக்கி நகர்ந்தபடி பெண்கள் நாற்று நடுகிறார்கள். கையில் இருப்பது ஒரு பிடி நாற்று. 1955இல் ஃபிளாய்டு, சில்வர் என்ற இரு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் முதுகுத் தசைகளின் மின் அதிர்வைப் பதிவுசெய்தபோது வியப்பான ஒன்றைக் கண்டார்கள். குனியக் குனியத் தசைகள் உழைக்கின்றன. ஆனால் முழுதாகக் குனிந்து முடித்ததும் அவை சட்டென்று அடங்கிவிடுகின்றன. அதன் பிறகு உடம்பின் மேற்பாதி பெரும்பாலும் முதுகெலும்பின் பின்புறத் தசைநார்களிலும் டிஸ்க்கின் பின்பக்க நார்களிலும் தொங்குகிறது. தசைக்கு ஓய்வு, நார்களுக்கு வேலை.

தொடர்ந்து இழுபடும் நார் மெல்ல நீளும். மெக்கிலும் பிரௌனும் 1992இல் அளந்தபடி, 20 நிமிடம் முழுதாக வளைந்திருந்த முதுகு நிமிர்ந்த முதல் 2 நிமிடங்களில் பாதியளவுதான் பழைய நிலைக்குத் திரும்புகிறது; அரை மணி நேரம் ஆனாலும் தளர்ச்சி முழுதாகப் போவதில்லை. நடவு முடித்துக் கரையேறிய பெண் அடுத்து என்ன செய்கிறார்? வரப்பில் அறுத்து வைத்த புல்லுக்கட்டைக் குனிந்து எடுத்துத் தலைக்கு ஏற்றுகிறார். முதுகெலும்பின் கட்டுகள் தளர்ந்திருக்கும் நேரத்தில் நாளின் பெரிய சுமை. இடையில் பத்து நிமிடம் நிமிர்ந்து நிற்கவும் நடக்கவும் வாய்ப்பிருந்தால் அது சோம்பல் ஆகாது. நார்கள் கேட்கும் அவகாசம். நெடுந்தூரம் லாரி ஓட்டிவந்து இறங்கிய கையோடு சரக்கை இறக்கும் ஓட்டுநருக்கும் இதே அவகாசம் வேண்டும். அவருடைய முதுகெலும்பு வளைந்திருந்ததோடு வண்டியின் குலுக்கலையும் வாங்கியிருக்கிறது.

காலை நேரமும் இப்படித்தான். இரவில் நீர் ஊறிப் பருத்த டிஸ்க் வளைவதற்கு இணங்காது. அதிகாலையில் குனிந்தால் டிஸ்க்கின் மீதான வளைவுத் தகைவு மாலையில் இருப்பதை விட மூன்று மடங்கு கூடுகிறது என்று ஆடம்ஸ் குழு 1987இல் கணக்கிட்டது. எழுந்தவுடன் அதிகம் குனியாமல் இருக்கப் பழகிய நாள்பட்ட நோயாளிகளுக்கு வலி குறைந்ததாக அமெரிக்காவின் ஸ்டோவர் ஸ்னூக் 1998இல் காட்டினார். வாசல் தெளித்துக் கோலம் போடுவது, குழாயடியில் குடம் பிடிப்பது என்று நம் வீடுகளில் பெண்களின் குனிவு வேலைகள் பலவும் அந்த முதல் மணி நேரத்தில்தான் குவிந்து கிடக்கின்றன.

முறுக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். சுமையை எடுத்தபடியே இடுப்பைத் திருப்பினால் உடம்பின் எதிரெதிர்த் தசைகள் ஒரே நேரத்தில் இறுகுகின்றன. ஒன்றையொன்று எதிர்த்து இழுப்பதன் சுமையும் முதுகெலும்பின் தலையில்தான். அவசரமும் அதையே செய்கிறது. ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் வில்லியம் மாராஸ் குழு 2000இல் நடத்திய சோதனையில், மேற்பார்வையாளரின் கெடுபிடிக்கு நடுவே தூக்கியபோது சிலருடைய முதுகெலும்பின் மீதான அழுத்தம் கூடியது. தூக்கிய பொருள் அதேதான். திட்டு வாங்கிக்கொண்டே தூக்கும் மூட்டை உண்மையாகவே கனக்கிறது.

தலைச்சுமையில் நெம்புகோல் கணக்கு மாறுகிறது. சும்மாட்டின் மேல் உட்கார்ந்த சுமை முதுகெலும்புக்கு நேர் மேலே இருப்பதால் முன்னால் இழுக்கும் தூரம் கிட்டத்தட்ட இல்லை. கென்யாவின் லுவோ பெண்கள் தங்கள் எடையில் ஐந்தில் ஒரு பங்குவரை கூடுதல் சக்தி செலவில்லாமல் சுமந்து நடந்ததை 1986இல் ஓர் ஆய்வு பதிவுசெய்தது. கழுத்து டிஸ்க்குகள் சிறியவை என்பதால் பெரும் சுமை அங்கே தன் கைவரிசையைக் காட்டும். அது வேறு கதை. இடுப்புக்கு ஆபத்து நடக்கும்போது இல்லை. தரையிலிருந்து தலைக்கு ஏற்றும் நொடியிலும் திரும்ப இறக்கும் நொடியிலும்தான்.

இதை நம் ஊர்களில் யாரோ எப்போதோ புரிந்துவைத்திருந்தார்கள். சாலையோரங்களில் இன்றும் சில இடங்களில் நிற்கும் சுமைதாங்கிக் கற்களைப் பாருங்கள். இரண்டு கற்களை நட்டு, மேலே குறுக்கே ஒன்றைக் கிடத்தியிருப்பார்கள். வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக நிறுத்துவது வழக்கம். உயரம் நெஞ்சளவு அல்லது தோளளவு. வழிப்போக்கர் அருகில் போய்த் தலைச்சுமையை அப்படியே கல்லுக்கு நகர்த்திவிட்டு இளைப்பாறலாம். திரும்ப எடுக்கும்போது குனிய வேண்டாம், ஏற்றிவிட இன்னொரு ஆளும் வேண்டாம். சுமையைத் தரைக்குப் போகவே விடாத ஏற்பாடு அது.

அந்தக் கல்லின் மதிப்பை எண்ணில் சொல்ல இன்று வழி இருக்கிறது. அமெரிக்காவின் தேசியத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ் 1981இல் வெளியிட்டு 1991இல் திருத்திய ஒரு சமன்பாடு, தூக்கும் சூழலைப் பொறுத்து எடைக்கு வரம்பு சொல்கிறது. அடிமூட்டின் மீதான அழுத்தம் 3400 நியூட்டனை, அதாவது சுமார் 350 கிலோவைத் தாண்டக் கூடாது என்பது அதன் அளவுகோல்களில் ஒன்று. எல்லாம் உகந்ததாக இருந்தால் வரம்பு 23 கிலோ. தரையில் கிடக்கும் சாக்கு மூட்டைக்கு நான் போட்டுப் பார்த்தேன். கை 40 செ.மீ. முன்னால், தரையிலிருந்து 15 செ.மீ. உயரத்தில், தோளுயரமான 140 செ.மீ. வரை ஏற்ற வேண்டும், கைப்பிடி கிடையாது. எப்போதாவது ஒருமுறை தூக்குவதற்கே வரம்பு 9 கிலோ. நிமிடத்துக்கு ஒன்றாக நாள் முழுக்க என்றால் 7 கிலோவுக்கும் கீழே. அதே மூட்டையை 75 செ.மீ. உயர மேடையில் வைத்து, உடம்போடு ஒட்டி எடுக்கும்படி செய்தால் வரம்பு 18 கிலோவாக இரட்டிக்கிறது. ஆளுக்கு எந்தப் பயிற்சியும் கொடுக்கவில்லை; மேடை ஒன்று போட்டதோடு சரி. ஆனால் இரண்டு வரம்புகளையும் 50 கிலோவுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

வலியெல்லாம் சுமையால் வருவது என்று நினைத்துவிடவும் கூடாது. பின்லாந்தில் 115 ஜோடி ஒத்த இரட்டையரான ஆண்களின் முதுகெலும்புகளை ஒப்பிட்ட ஆய்வில், ஒருவர் கடும் உடலுழைப்பிலும் மற்றவர் லேசான வேலையிலும் வாழ்நாளைக் கழித்திருந்தாலும் டிஸ்க்குகள் ஏறத்தாழ ஒன்றுபோலத் தேய்ந்திருந்தன, மரபுக்கே பெரும்பங்கு. 1994இல் முதுகுவலியே இல்லாத 98 பேரை ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் பாதிப்பேருக்கு ஏதாவது ஒரு டிஸ்க் வீங்கியிருந்தது. எலும்பும் டிஸ்க்கும் படிப்படியாகக் கூடும் சுமைக்குப் பழகி வலுவடையவும் செய்கின்றன. இல்லாவிட்டால் பளுதூக்கும் வீரர்களின் முதுகெலும்பு தாங்கும் அழுத்தத்தை விளக்கவே முடியாது. வேலைக்குப் பயந்து முதுகைப் பொத்திப் பொத்தி வைப்பது அதற்குக் கெடுதல். வீரருக்கும் சுமைதூக்கும் தொழிலாளிக்கும் உள்ள வித்தியாசம், முன்னவர் எடையையும் ஓய்வையும் தானே தேர்ந்தெடுக்கிறார் என்பதுதான்.

தேர்ந்தெடுக்க முடியாதவருக்கு நாம் கொடுத்துவந்தது அறிவுரையும் இடுப்புப் பட்டையும். பாஸ்டன் பகுதியில் சுமார் 4,000 அஞ்சல் ஊழியர்களில் ஒரு பிரிவினருக்குச் சரியாகத் தூக்கும் முறையைச் சொல்லிக்கொடுத்து, எல்லோரையும் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் பின்தொடர்ந்தார்கள். 1997இல் வெளியான முடிவு: முதுகுக் காயங்கள் குறையவில்லை. 160 கடைகளில் 9,000க்கும் மேற்பட்ட ஊழியர்களிடம் நியாஷ் நடத்தி 2000இல் வெளியிட்ட ஆய்வில், இடுப்புப் பட்டை கட்டியவர்களுக்கும் கட்டாதவர்களுக்கும் வேறுபாடு தெரியவில்லை. செவிலியர் நிலை இதை இன்னும் தெளிவாக்குகிறது. நோயாளிக்குக் கைப்பிடி கிடையாது, திடீரென்று துவண்டு சரிவார், கட்டிலின் மறுபக்கத்திலிருந்து எட்டித் தூக்க வேண்டும். அமெரிக்காவின் தாமஸ் வாட்டர்ஸ் 2007இல் பரிந்துரைத்த வரம்பு 16 கிலோ. எந்த வளர்ந்த மனிதரும் அதற்குள் அடங்கமாட்டார். ஆகவே அங்கே வேண்டியது தூக்கும் பொறி. பயிற்சி வகுப்பு அல்ல.

மூட்டைக்கும் அதுவே பொருந்தும். பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் சிமெண்ட் 25 கிலோ பைகளில் வருகிறது. இங்கே 50 கிலோ. ஓர் ஆண் சுமக்கும் எடை 55 கிலோவைத் தாண்டுகிற இடங்களில் அதை விரைவாக அந்த அளவுக்குக் குறைக்க வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967இல் பரிந்துரைத்தது. நம் மூட்டை அதற்குள் அடங்கிவிடுகிறது என்பதால் யாருக்கும் உறுத்துவதில்லை. டிஸ்க்குக்கு அந்த எண் தெரியாது. பையைப் பாதியாக்குவதில் தொழில்நுட்பச் சிக்கல் எதுவும் இல்லை. கூலியில்தான் சிக்கல் இருக்கிறது. ஏற்றி இறக்குவதற்கான கூலி மூட்டை எண்ணிக்கையில் பேசப்படும்வரை, 25 கிலோ பை வந்த மறுநாளே தொழிலாளி இரண்டு பைகளை ஒன்றாகச் சேர்த்துத் தோளில் ஏற்றுவார். வேறு வழியில்லை, அவருக்கு அன்றைய கூலி வேண்டும். பையின் எடையையும் கூலியின் கணக்கையும் லாரி நிற்கும் மேடையின் உயரத்தையும் ஒரே பேச்சுவார்த்தையில் வைத்துப் பேச வேண்டியிருக்கிறது.